பெண்பனைக்குச் சட்டம் இருக்கு

சட்டம் எண்ட சொல்லைக் கேட்டா எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வரும். சட்டத்திலை எனக்கு ஒரு கோபமுமில்லை. அதை வெத்திலை மாதிரி வாய்க்குள்ளை அடக்கிக்கொண்டு, கதிரையிலை சாய்ஞ்சு காலாட்டிக்கொண்டு கதைக்கிற ஆக்களைத்தான் எனக்குக் கண்ணிலை காட்டக்கூடாது. அப்பிடி ஒருத்தரோடை ஒரு கோடை முழுக்க நான் மாரடிச்சனான்.

எண்பதுகளின்ரை நடுவிலை நான் மிட்வைஃபா வேலை பாத்தது ஒரு சின்னத் தீவிலை. ஊர்காவற்றுறைப் பக்கத்திலையிருந்து மோட்டர் வள்ளத்திலை போகவேணும். தீவின்ரை பேரைச் சொல்லமாட்டன். சொன்னா, அந்த மனிசன்ரை பிள்ளையள் கனடாவிலையிருந்து ரெலிபோன் எடுத்து என்னோடை சண்டைக்கு வருவினம். தேப்பன் உயிரோடை இருக்கேக்கை ஒரு கடிதம் போடாததுகளுக்கு, செத்தாப் பிறகு மரியாதை பொத்துக்கொண்டு வரும்.

அங்கை கறண்ட் இல்லை. டிஸ்பென்சறி எண்டு ஓட்டுக்கூரை போட்ட ரெண்டு அறையும் ஒரு விறாந்தையும் இருந்தது. மருந்து எழுதித் தாற அப்போதிக்கரி ஐயா கிழமைக்கு ஒருக்கா வருவார், கடல் கொஞ்சம் முகம் சுழிச்சா வராமலும் விடுவார். மிச்ச நாள் முழுக்க நான்தான் டொக்டர், நான்தான் நேர்ஸ், நான்தான் கூட்டித் துடைக்கிற ஆள்.

தடுப்பூசி மருந்து எண்டா எப்பவும் குளிரிலை இருக்கவேணும். முந்தி அது ஐஸ் பெட்டிக்குள்ளை வள்ளத்திலை வரும். வந்த அண்டைக்கே போட்டு முடிச்சிடவேணும். அண்டைக்கு ஆற்றையும் பிள்ளைக்குக் காய்ச்சலெண்டாலோ, மாதம் காணாதெண்டாலோ, அந்தப் பிள்ளை அடுத்த வள்ளம் வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். சோளகக் காத்து எழும்பிக் கடல் கொந்தளிச்சா வள்ளம் வராது. நேவி கடலை மூடினாலும் வராது. ரெண்டும் ஒண்டா வாற மாதங்களும் இருந்தது.

இதை ஆரோ கேள்விப்பட்டு, வெளிநாட்டு உதவிக்காரர் கொஞ்சப் பேர் ஒரு குளிர்ப்பெட்டி கொண்டந்து தந்தவை. கூரையிலை ரெண்டு சோலர் தட்டு, கீழை பற்றறி, பக்கத்திலை வெள்ளை வெளேரெண்டு பெட்டி. வெயிலிலையே குளிரை உண்டாக்கிற சாமானெண்டு தீவே திரண்டு வந்து பாத்தது. தை மாதம், காலமைப் பத்து மணிக்குத் திறப்பு விழா. ரிபன் வெட்டினவர் டிஸ்பென்சறிக் கொமிற்றித் தலைவர். அவரைத்தான் நான் இண்டைக்கும் மனசுக்குள்ளை பனைக்காரர் எண்டு சொல்லுறனான்.

டிஸ்பென்சறிக் காணி அவரின்ரை தேப்பன் தர்மத்துக்கு எழுதிக் குடுத்தது. தேப்பன் செய்த தர்மத்துக்கு மகன் சாகுமட்டும் தலைவர். ஏதோ கந்தோரிலை கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவர், ஆனா நடை மட்டும் பெரிய நீதவான் நடை. டிஸ்பென்சறிக்கு வடமேற்கு மூலையிலை, வேலிக்கு அங்காலை, அவரின்ரை வளவுக்குள்ளை மூண்டு பனை நிண்டது. மூண்டும் பெண்பனை. சில வருசமா ஓலை வெட்டாமல் விட்டதாலை உச்சியிலை வட்டு அடைச்சுக்கொண்டு சடைச்சுப்போய் நிண்டது. தை மாதத்துக் காலமையிலை அந்த மூலையை ஆர் பாத்தது?

சித்திரை பிறந்து வெயில் வடக்காலை திரும்பினாப் பிறகுதான் விசயம் வெளிச்சது. ரெண்டு மணி தாண்டினா அந்த மூண்டு பனையின்ரை நிழலும் ஒண்டு மாறி ஒண்டாக் கூரையிலை ஏறி, தட்டிலை படுத்துக்கொள்ளும். பொழுது சாயுமட்டும் இறங்காது. தட்டுப் பூட்டின பெடியன் போகேக்கை எனக்கு வடிவாச் சொல்லிப்போட்டுப் போனவன்: "மிஸி, ஒரு கை அகல நிழல் விழுந்தாலும் முழுத் தட்டும் வேலை செய்யாது, கவனம்." பற்றறியிலை சார்ச்சைக் காட்டுற முள் ஒண்டு இருக்கும். பச்சையிலை நிக்கவேண்டிய முள்ளு ஒவ்வொரு பின்னேரமும் சிவப்புக்குப் போகத் தொடங்கிச்சுது. விடிய வந்து பெட்டியைத் திறந்தா உள்ளுக்குக் குளிர் முந்தின மாதிரி இல்லை.

எனக்கு ஏன் அந்தப் பதைப்பெண்டா, ஒரு தாய்க்கு நான் வாக்குக் குடுத்திருந்தனான். மாதா கோயிலடியிலை மீன்பிடிக்கிற குடும்பம். அவளின்ரை முதல் பெடியனைச் சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, கொண்டுபோனது. உடம்பு முழுக்கச் சிவப்புப் பொட்டுப்போட்டு, நெஞ்சு அடைச்சு, ரெண்டு வயதிலை போனவன். அதுக்குப் பிறகு பிறந்த பெட்டைக்குஞ்சை நான்தான் என்ரை கையாலை எடுத்தனான். தொப்புள்கொடி வெட்ட முன்னமே அவள் கேட்டது ஒண்டுதான். "மிஸி, இவளுக்கு அந்தச் சின்னமுத்து ஊசி கிடைச்சிடுமோ?"

"ஒன்பது மாதத்திலை போடுறது. அப்ப பாப்பம்," எண்டனான். தையிலை பெட்டி வந்தாப் பிறகு அவளைக் கண்டு, "பயப்பிடாதை, இனி எங்களிட்டைப் பெட்டி இருக்கு," எண்டு சொன்னனான்.

சோளகத்துக்கு முன்னம் கடைசியா மருந்து வந்த அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம்தான். வேறையும் ஆறேழு பிள்ளையள் அப்பிடி. அவைக்கெண்டு குப்பியளை எடுத்துப் பெட்டிக்குள்ளை வைச்சுப்போட்டு, அடுத்த நாளே பனைக்காரரிட்டைப் போனனான்.

நான் கேட்டது பனையைத் தறிக்கச் சொல்லியில்லை. தட்டுக்கு மறைக்கிற ஓலையை மட்டும் வெட்டிவிடுங்கோ எண்டுதான். மரத்துக்கு ஒண்டும் வராது, குருத்தோடை நாலு ஓலையை விட்டா அது தன்ரை பாட்டிலை நிக்கும். இது தீவிலை பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நீர் புதுசு பிள்ளை. உமக்குத் தெரியாது. பெண்பனைக்குச் சட்டம் இருக்கு. பலா, ஈரப்பலா, பெண்பனை. இந்த மூண்டிலையும் அனுமதியில்லாமல் கத்தி வைச்சா மறியல் வீட்டிலை கிடக்கவேணும்."

"தறிக்கிறதுக்கெல்லோ ஐயா அந்தச் சட்டம். நான் கேக்கிறது ஓலை."

"ஓலையும் மரத்திலைதானே பிள்ளை இருக்கு," எண்டார். எண்டுபோட்டு, தான் பெரிய உண்மை ஒண்டைக் கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கே ஒரு அறை விட்டிருக்கலாம்.

சரி, அனுமதி வாங்குவம் எண்டு, கடல் மூட முன்னமே ரெண்டு வள்ளம் மாறி அரசாங்கக் கந்தோருக்குப் போனனான். அங்கை இருந்த அதிகாரி இன்னொரு கோதாரி. விறைப்பான வெள்ளைச் சேட்டு, மேசையிலை ஒரு தூசி இல்லை, வேலை செய்தாத்தானே தூசி படியும். நான் சொன்னதெல்லாம் கேட்டுப்போட்டு, "பெண்பனை தறிக்கிறதெண்டா நான் அனுமதி தரலாம். ஓலை வெட்ட அனுமதி தர எனக்கு அதிகாரமில்லை," எண்டார்.

"அப்ப ஓலை வெட்ட அனுமதி தேவையில்லை எண்டதோ ஐயா?"

"அதையும் நான் சொல்ல ஏலாது."

"அப்ப ஆர் சொல்லுறது?"

"நீர் வேணுமெண்டா மூண்டையும் தறிக்கக் கேளும், நான் பாக்கிறன்," எண்டார். ஓலை ரெண்டை வெட்ட வழியில்லாத சட்டத்திலை மூண்டு மரத்தை அடியோடை விழுத்த வழியிருக்கு. அதைச் சொல்லேக்கை அந்த மனிசன்ரை முகத்திலை ஒரு வெக்கமும் இல்லை. பிறகு தொண்ணூறுக்கு அங்காலை, ஆமிக்காரர் காவலரண் கட்டவெண்டு தீவுப்பகுதியிலை பனையளைத் தறிச்சுச் சாய்க்கேக்கை, இது ஆணோ பெண்ணோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. சட்டத்தை வாயிலை வைச்சிருந்த வீரரெல்லாம் அந்த நேரம் எங்கை போனவையோ தெரியாது.

தட்டைக் கழட்டிக் கூரையின்ரை மற்றப் பக்கம் பூட்டலாமெண்டு பாத்தன். அதுக்குக் கொமிற்றி விடேல்லை. கொழும்பிலையிருந்து இஞ்சினியர் வந்துதான் ஆணியிலை கை வைக்கலாமாம். சோளகத்துக்கை கொழும்பு இஞ்சினியர் நீந்தியோ வாறது?

ஓலை வெட்டுற ஆள் ஒருத்தரை நானே பிடிச்சுக் கேட்டன். அவர் பாவம், தலையைச் சொறிஞ்சார். ஆற்றை பனையிலை ஆர் ஏறுறது எண்டதுக்குத் தீவிலை ஒரு ஒழுங்கு இருந்தது. உடையவன் சொல்லாமல் ஒரு பனையிலை ஏறினா, பிறகு ஒருத்தரும் தங்கடை பனையிலை ஏற விடாயினம். "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு மிஸி," எண்டார். அவரிலை எனக்கு ஒரு கோபமுமில்லை.

நான் விடாமல் போய்ப் போய் நிண்டதிலை பனைக்காரருக்கு ஆக்கினையாப் போச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சறி விறாந்தையிலை கொமிற்றியைக் கூட்டினார். வேட்டி சால்வையோடை வந்து வரிசையா இருந்திச்சினம். வெளிநாட்டுக்காரர் வந்து கேட்டா, நடவடிக்கை எடுத்தாச்சு எண்டு சொல்ல ஏதும் வேணுமெண்டதுதான் அவையின்ரை கவலை. பிள்ளையளின்ரை கதையை ஒருத்தரும் எடுக்கேல்லை. கன நேரம் கதைச்சு, தேத்தண்ணி குடிச்சு, கடைசியிலை ஒரு முடிவுக்கு வந்திச்சினம். பெண்பனைக்குத்தானே சட்டம். ஆண்பனைக்குச் சட்டமில்லை. டிஸ்பென்சறிக் கிணத்தடியிலை ஒரு ஆண்பனை நிக்குது. அதைத் தறிக்கிறது.

நான் முதலிலை பகிடியெண்டு நினைச்சன். "ஐயா, அது கிழக்காலை நிக்கிற மரம். அதின்ரை நிழல் கிணத்தடிக்குத்தான் விழுறது. தட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

"பிள்ளை, முதலிலை சட்டப்படி செய்யக்கூடியதைச் செய்வம். மிச்சத்தைப் பேந்து பாப்பம்," எண்டார். மற்றவை ஓம் ஓம் எண்டு தலையாட்டிச்சினம். படிச்ச மனிசர், ஒரு ஆளுக்குக்கூடத் தலையை நிமித்திக் கூரையைப் பாக்கத் தோன்றேல்லை. நிழல் எங்கையிருந்து வருகுதெண்டு பாக்காமல், மரம் ஆணோ பெண்ணோ எண்டு பாத்துத் தறிச்ச கூட்டத்தை நான் வேறை எங்கையும் கண்டதில்லை.

தறிச்சுப்போட்டினம். கிளினிக்குக்கு வாற பிள்ளைத்தாச்சியள் அந்த ஒரு மரத்தின்ரை நிழலிலைதான் குந்தியிருக்கிறவை. அதுவும் போச்சு. மரம் துண்டு துண்டாப் பனைக்காரரின்ரை மாட்டுக்கொட்டில் கூரைக்கு வளை மரமாப் போனது. அடிக்கட்டை மட்டும் கிணத்தடியிலை மிச்சம். கூரையிலை நிழல் ஒரு சாண் அசையேல்லை.

ஒரு காலமை பெட்டியைத் திறந்தன். உள்ளுக்குத் தொங்கிற தேர்மோமீற்றர் ஏறக்கூடாத இடம் எல்லாம் ஏறி நிண்டது. குப்பியளைக் கையிலை எடுத்தா, கைச்சூடும் குப்பிச்சூடும் ஒண்டு. அந்த மருந்தைப் போட்டா ஒண்டு, போடாட்டி ஒண்டு. போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை, தாய்மாரும் சந்தோசமா வீட்டை போவினம். எனக்கு மனம் வரேல்லை. அவ்வளவத்தையும் கிடங்கு கிண்டித் தாட்டன்.

அவளின்ரை பிள்ளைக்கு அப்பதான் ஒன்பது மாதம் முடியிது. ஊசிக்கெண்டு குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கூட்டிக்கொண்டு வந்தாள். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னன். அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாத்திக்கொண்டு திரும்பிப் போனாள்.

கடல் கத்திக்கொண்டு கிடந்தது. மீன்பிடிக்கிற வள்ளத்தையும் நேவி விடேல்லை. புது மருந்து வாற வழியில்லை. பிள்ளையை அக்கரைக்குக் கொண்டுபோற வழியுமில்லை. அந்த நேரம் பாத்துத்தான் மாதா கோயிலடியிலை சின்னமுத்து கிளம்பிச்சுது. ஒரு வீட்டிலை தொடங்கி, வரிசையா வீடு வீடாப் போனது. கன பிள்ளையள் தப்பி எழும்பிட்டுதுகள். அவளின்ரை பிள்ளைக்கு நெஞ்சிலை இறங்கிச்சுது.

டிஸ்பென்சறியிலை இருந்த மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தன். பிள்ளையின்ரை விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளுக்குப் போய் வந்தது. மூண்டாம் நாள் பின்னேரம், விறாந்தையிலை, தாயின்ரை மடியிலை அது அடங்கிச்சுது. அந்த நேரம் விறாந்தை முழுக்க அந்த மூண்டு பனையின்ரை நிழல்தான். அவள் கத்தேல்லை. என்ரை முகத்தைப் பாத்து, "மிஸி, பெட்டி இருக்கெண்டு சொன்னனீங்கள்," எண்டாள். கோபமாச் சொல்லேல்லை. கோபமாச் சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பன்.

செத்தவீட்டுக்குப் பனைக்காரரும் வந்தவர். வாசலிலை நிண்டு, கடவுள் குடுத்தது அவ்வளவுதானெண்டு பிள்ளையின்ரை தேப்பனின்ரை தோளிலை தட்டினார். பாவம் கடவுள், ஓலை வெட்டாத பழியும் அவருக்குத்தான்.

சோளகம் ஓய்ஞ்சு கடல் திறந்தது. திறந்த கையோடை பனைக்காரரின்ரை மகளுக்குக் கலியாணம் பேசி வந்திட்டுது. மாப்பிளை வீட்டார் யாழ்ப்பாணத்திலையிருந்து பாக்க வருகினமாம். அவை வாற பாதையிலை தெரியிற வேலி இவரின்ரை வேலி. அது வருசக்கணக்கா உக்கிக் கிடந்தது. நான் ஒரு காலமை வேலைக்கு வாறன், மூண்டு பனையிலையும் ஆள் நிக்குது. அதே ஓலை வெட்டுற ஆள்தான். தொப்புத் தொப்பெண்டு பச்சை ஓலை விழுகுது. மத்தியானத்துக்கு முன்னம் மூண்டு வட்டும் மொட்டை. குருத்தோடை நாலு ஓலைதான் மிச்சம். கீழை ஓலையை மிதிச்சு அடுக்கிற ஆக்களுக்குப் பனைக்காரர் நிண்டு கை காட்டிக்கொண்டு நிக்கிறார்.

நான் வேலியடிக்குப் போய் நிண்டன். "ஐயா, பெண்பனைக்குச் சட்டம் இருக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவருக்கு நான் கேட்டது உண்மையா விளங்கேல்லை. அதைத்தான் இண்டைவரைக்கும் என்னாலை சீரணிக்க ஏலாமல் கிடக்கு. கள்ளம் செய்து பிடிபட்ட முகமெண்டாலும் பறவாயில்லை. அந்த முகத்திலை ஒண்டுமே இல்லை. "இது வேலிக்கு வெட்டுறது பிள்ளை," எண்டார். "வேலி அடைக்க ஓலை வெட்டுறதை எந்தச் சட்டம் தடுக்கும்? எங்கடை பாட்டன் பூட்டன் காலத்திலையிருந்து வெட்டுறது."

அண்டைக்குப் பின்னேரம் தட்டிலை வெயில் அப்பிடியே கிடந்தது. முள்ளுப் பச்சையிலை நிண்டது. பெட்டி உர்ரெண்டு ஓடிச்சுது. நான் திறந்து பாத்தன், முகத்திலை குளிர் அடிச்சது. குப்பி வைக்கிற தட்டு எல்லாம் வெறுமை.

மாப்பிளை வீட்டார் வாற அண்டைக்குக் காலமை, பனைக்காரர் ஒரு பெட்டி சோடாவைத் தூக்குவிச்சுக்கொண்டு டிஸ்பென்சறிக்கு வந்தார். "பிள்ளை, உந்தப் பெட்டி இப்ப நல்லா வேலை செய்யிதெண்டு கேள்விப்பட்டனான். வாற ஆக்கள் ரவுண் ஆக்கள். இதைக் கொஞ்சம் குளிரவிட்டுத் தாரும்."

"சட்டம் இருக்கு ஐயா," எண்டன். "மருந்தைத் தவிர வேறை ஒண்டும் அதுக்குள்ளை வைக்க ஏலாது."

அவர் சிரிச்சார். "உள்ளுக்குத்தான் மருந்து ஒண்டும் இல்லையே பிள்ளை. வெறும் பெட்டிதானே கிடக்குது."

அவர் தானே பெட்டியைத் திறந்து, போத்தில்களை ஒவ்வொண்டா அடுக்கினார், சின்னமுத்துக் குப்பியள் இருந்த தட்டிலையும் ரெண்டை வைச்சார். மூடிப்போட்டு, மத்தியானம் ஆள் அனுப்புறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனார்.

அவர் படலையைத் தாண்டினதும் நான் எல்லாப் போத்திலையும் வெளியிலை எடுத்தன். கிணத்தடியிலை, சட்டப்படி தறிச்ச ஆண்பனையின்ரை அடிக்கட்டையிலை, நல்ல வெயிலுக்கை, வடிவா அடுக்கி வைச்சன். ஆள் வந்து கேக்க, உங்கை கிடக்கு எடுத்துக்கொண்டு போ எண்டன். மாப்பிளை வீட்டார் சுடச்சுடச் சோடா குடிச்சவையாம். பனைக்காரர் அதுக்குப் பிறகு என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. என்னை இடம் மாத்தச் சொல்லி எழுதினவரெண்டும் கேள்வி. எழுதட்டும்.

அந்தக் கிழமை வள்ளத்திலை மருந்து வந்தது. பெட்டி கடைசிமட்டும் குளிரா இருந்தது. கிளினிக் அண்டைக்கு மாதா கோயிலடித் தாய்மார் எல்லாரும் பிள்ளையளைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தவை. இருக்க நிழலில்லாமல் வெயிலுக்கை வரிசையா நிண்டவை. நான் ஊசி போட்டுக்கொண்டே படலையைப் பாத்துப் பாத்து நிண்டனான். அவள் ஒருத்திதான் வரேல்லை.